தொழில்வழி இழைப்பு நோயும் ஆய்வுக்கூட விலங்குகளும்

மெத்தைகளுக்கும் இருக்கைகளுக்கும் வேண்டிய நுரைப்பஞ்சு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்கிறார் என்று கொள்வோம். முதற் சில மாதங்கள் யாதொரு குறையுமின்றி வேலை நடக்கிறது. பின்னர் ஒரு நாள் மாலை வீடு திரும்பியபின் இருமலும் மார்பில் ஓர் இறுக்கமும் தோன்றுகின்றன. விடுமுறை நாளன்று உடல் தேறிவிடுகிறது. வேலை வாரம் தொடங்கியதும் மூச்சிழைப்பு திரும்பி வருகிறது. அதே கூடத்தில், அதே காற்றைச் சுவாசித்து, அதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் நலமாகவே இருக்கின்றனர். தொழில்வழி இழைப்பு நோய், அதாவது வேலையிடத்திலுள்ள பொருளால் உண்டாகும் ஆஸ்துமா, பெரும்பாலும் இவ்விதமே தொடங்குகிறது. வயது வந்தோருக்கு உண்டாகும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ 15 சதவீதத்திற்கு வேலையிடமே காரணம் என்பது மருத்துவ அறிஞர்களின் மதிப்பீடாகும்.

இந்நோயைப் பற்றி எழும் வினாக்கள் சில, நோயாளிகளை மட்டும் ஆராய்வதால் விடை காண இயலாதவை. காற்றில் எவ்வளவு ஆவி இருந்தால் நோய் தொடங்கும்? மூச்சின் வழியே மட்டுந்தான் நோய் வருமா, தோலின் வழியாகவும் வருமா? ஒரே முறை மிகுதியாகச் சுவாசிப்பது கொடியதா, சிறு அளவில் நெடுநாள் சுவாசிப்பது கொடியதா? ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கு மருத்துவமனையில், மருத்துவரின் கண்காணிப்பில், ஐயத்திற்குரிய பொருளை மிகச் சிறு அளவில் அளித்து நோய்க் காரணத்தை உறுதி செய்வதுண்டு. ஆனால் நலமாயுள்ள ஒருவருக்கு வேண்டுமென்றே இந்நோயை உண்டாக்கிப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை. நோய் பிறக்கும் தருணத்தை ஆராய விரும்பிய விஞ்ஞானிகள் ஆகவேதான் விலங்குகளை நாடினர்.

கினிப் பன்றியின் வரலாறு

கினிப் பன்றி பன்றியினத்தைச் சேர்ந்ததன்று. கினி நாட்டைச் சேர்ந்ததுமன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த, எலியைப் போன்று கொறிக்கும் சிறு பிராணி அது. நம் நாட்டில் சீமைப்பெருச்சாளி என்றும் வழங்குவர். தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தின் வலிமையை அளப்பதற்கு இதனைப் பயன்படுத்தி வந்த ஆய்வுக்கூடங்களில் விந்தையான ஒரு நிகழ்ச்சி காணப்பட்டது. ஒருமுறை குதிரைச் சீரம் செலுத்தப்பெற்றுப் பிழைத்த பிராணி, சில வாரங்கள் கழித்து அதே சீரத்தை மீண்டும் பெற்றதும் சில நிமிடங்களில் மூச்சுத்திணறி மாண்டது. அமெரிக்காவில் ரோசனோ, ஆண்டர்சன் என்னும் இருவர் 1906-இல் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 1910-இல் ஆவர், லூயிஸ் என்போர், இச்சாவுக்குக் காரணம் மூச்சுக்கிளைக் குழல்கள் இறுகி மூடிக்கொள்வதே என்று காட்டினர். உள்ளே சென்ற காற்று வெளிவர இயலாமையால் நுரையீரல்கள் ஊதிப் பெருத்திருந்தன.

மனிதரின் இழைப்பு நோயிலும் நடப்பது இதை ஒத்ததே. கினிப் பன்றியின் மூச்சுக்கிளைக் குழல்களைச் சூழ்ந்துள்ள வரியிலாத் தசை தடித்தது. ஹிஸ்டமின் என்னும் பொருள் பட்டதும் விரைந்து சுருங்குவது. ஒவ்வாமையின் வேகம் வேறு விலங்குகளில் வேறு உறுப்புக்களைத் தாக்க, இவ்விலங்கில் நுரையீரலையே முதலில் தாக்குகிறது. எனவேதான் ஆஸ்துமா ஆராய்ச்சியில் இப்பிராணி நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தது.

1927-இல் ராட்னர் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் மேலும் ஒரு படி சென்றனர். ஊசியால் எதையும் செலுத்தாமல், குதிரையின் தோற்பொடுகை உலர்ந்த தூளாக மூக்கின் வழியே சுவாசிக்கச் செய்தே கினிப் பன்றிகளுக்கு ஒவ்வாமையையும் இழைப்பையும் உண்டாக்கினர். அடுத்த ஆண்டிலேயே, அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆமணக்கெண்ணெய் ஆலை ஒன்றிலிருந்து பறந்த தூசியால் சுற்றுப்புறத்து மக்கள் பலருக்கு ஆஸ்துமா கண்டதென்ற செய்தியை ஃபிக்லி, எல்ராடு ஆகியோர் வெளியிட்டனர். ஆமணக்கு மிகுதியாகப் பயிராகும் நம் நாட்டிற்கு இச்செய்தி அந்நியமானதன்று. தூசி காற்றில் கலந்து மூச்சின் வழியாகச் சென்றே நோய் தரவல்லது என்பது இவ்வாறு ஆய்வுக்கூடத்திலும் ஊரிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தெளிவாயிற்று.

சிறு மூலக்கூறு எவ்வாறு பகையாகிறது?

குதிரைப் பொடுகும் ஆமணக்குத் தூசியும் மாவும் புரதங்களைக் கொண்டவை. புரதம் பெரிய மூலக்கூறு. அதனை அந்நியன் என்று உடல் எளிதில் அடையாளம் கண்டு, அதற்குரிய எதிர்ப்பொருளை உண்டாக்கும். ஆனால் நுரைப்பஞ்சுத் தொழிலிலும் வண்ணப்பூச்சுத் தொழிலிலும் பயன்படும் இரசாயனப் பொருள்கள் மிகச் சிறிய மூலக்கூறுகள். அவற்றை உடல் எவ்வாறு அடையாளம் காண்கிறது?

1935-இல் லாண்ட்ஸ்டைனர், ஜேக்கப்ஸ் இருவரும் டைநைட்ரோகுளோரோபென்சீன் போன்ற எளிய பொருள்களைக் கினிப் பன்றியின் தோலிற் செலுத்தி ஒவ்வாமையை உண்டாக்கிக் காட்டினர். இத்தகைய பொருள், தானாக அன்றி, உடலின் சொந்தப் புரதத்தோடு இணைந்தே பகையுருவைப் பெறுகிறது. வகுப்பில் இதனை விளக்க ஓர் உவமை உதவும். ஒருவர் நாள்தோறும் அணியும் சட்டையை வீட்டு நாய் நன்கு அறியும். அச்சட்டையில் இதுவரை காணாத மணமுடைய பித்தான் ஒன்றைத் தைத்துவிட்டால் நாய் சட்டையைப் பார்த்தே குரைக்கும். பித்தானை மட்டும் தனியே தரையில் எறிந்தால் அது பொருட்படுத்தாமற் போகலாம். சட்டை உடலின் புரதம். பித்தான் இரசாயனப் பொருள். எந்தப் பொருள் புரதத்தோடு வலுவாகப் பிணையுமோ அதுவே ஆபத்தானது. ஐசோசயனேட்டுகள், டிரைமெலிட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற அமில அன்ஹைட்ரைடுகள், பிளாட்டினத்தின் சில உப்புக்கள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

ஐசோசயனேட் பரிசோதனைகள்

நுரைப்பஞ்சுக்கு வேண்டிய டொலுயீன் டை-ஐசோசயனேட் என்னும் திரவமே இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட பொருளாகும். இதன் உறவினமான வேறொரு ஐசோசயனேட் மோட்டார் வண்டிகளுக்குப் பீச்சியடிக்கும் இருபொருட் கலவை வண்ணங்களில் உள்ளது. 1984 டிசம்பரில் போபாலில் பேரழிவு விளைத்த மீதைல் ஐசோசயனேட்டும் இக்குடும்பத்ததே. ஆயினும் அங்கு நேர்ந்தது மிகுந்த அளவான நச்சாவி நேரடியாகத் திசுக்களைச் சிதைத்த விபத்து. இங்கு ஆராயப்படுவதோ மிகச் சிறிய அளவுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கற்பித்தல் கூடாது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெரில் கரோல் என்னும் விஞ்ஞானி நடத்திய பரிசோதனைகள் முன்மாதிரியாகக் கொள்ளத்தக்கவை. கினிப் பன்றிகள் காற்றுப்புகா அறையில் நாளொன்றுக்கு 3 மணி நேரமாக, தொடர்ந்து 5 நாட்கள் இவ்வாவியைச் சுவாசித்தன. பின்னர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஓய்வு. உடல் எதிர்ப்பொருளை உண்டாக்க இவ்விடைவெளி வேண்டும். அதன் பின் இரத்தம் சோதிக்கப்பட்டது. சிறு அளவில் மறுசோதனையும் நடத்தி, மூச்சின் வேகமும் தன்மையும் அறையினுள் எழும் அழுத்த வேறுபாட்டைக் கொண்டு அளக்கப்பட்டன.

1983-இல் வெளிவந்த முடிவுகள் வருமாறு. பத்து இலட்சம் பங்கு காற்றுக்கு 0.12 பங்கு ஆவி இருந்தபோது எவ்விலங்கிலும் எதிர்ப்பொருள் தோன்றவில்லை. 0.36 பங்கிலும் அதற்கு மேலும் தோன்றிற்று. 0.02 பங்கு என்னும் மிகச் சிறிய அளவில் ஏறத்தாழ 70 நாட்கள் சுவாசித்த விலங்குகளிலும் எதிர்ப்பொருள் காணப்படவில்லை. ஒவ்வாமை தொடங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும், மொத்த அளவைக் காட்டிலும் ஒரே சமயத்தில் உள்ள செறிவே முக்கியமாகலாம் என்பதும் இதிலிருந்து பெறப்பட்டன. ஆலையில் குழாய் உடைந்து சில நிமிடங்கள் ஆவி பெருகும் நிகழ்ச்சிகளைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டியதன் அவசியம் இங்குதான் புலப்படுகிறது. மாத சராசரி அளவு மட்டும் பார்க்கும் மேற்பார்வையாளருக்கு அச்சில நிமிடங்கள் கண்ணிற் படா.

அதைவிடவும் கவனிக்கத்தக்கது 1981-இல் அதே ஆய்வுக்கூடம் வெளியிட்ட முடிவு. ஆவியைச் சுவாசிக்கவே செய்யாமல், திரவத்தைத் தோலில் மட்டும் இட்டனர். சில வாரங்கள் கழித்து அவ்விலங்குகள் முதன்முறையாக ஆவியைச் சுவாசித்தபோது, அவற்றுட் சில ஒவ்வாமை கொண்டவை போல் மூச்சு மாறுபாடு காட்டின. தோல் பெற்ற பாடத்தை நுரையீரல் நினைவிற் கொண்டிருந்தது. பின்னர் 2002-இல் வேறோர் ஐசோசயனேட்டைச் சுண்டெலியின் தோலில் இட்டு நடத்திய ஆராய்ச்சியிலும் இத்தகைய விளைவே காணப்பட்டது. காற்றை மட்டும் தூய்மை செய்துவிட்டுக் கையுறையின்றிக் கலவையைக் கிளறவிடும் பட்டறையில் பாதி வேலையே நடந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

சுண்டெலியும் எலியும் தந்த மாறுபட்ட விடை

கினிப் பன்றியின் மீது எழுந்த முக்கியமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மனிதரின் ஒவ்வாமையில் பெரும்பங்கு கொள்வது இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள். இதனை 1966, 1967-ஆம் ஆண்டுகளில் இஷிசாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். கினிப் பன்றியிலோ வேறு வகையான எதிர்ப்பொருளே இவ்வேலையைப் பெரிதும் செய்கிறது. மேலும் அதன் உடலில் நடப்பனவற்றை நுணுக்கமாக அளப்பதற்கு வேண்டிய சோதனைப் பொருள்கள் குறைவு. சுண்டெலிக்கோ அவை ஏராளம். ஒரே மரபுடைய இனங்களும், குறிப்பிட்ட மரபணு நீக்கப்பட்ட இனங்களும் கிடைக்கின்றன. அன்ஹைட்ரைடு ஆராய்ச்சிக்கு, இம்யூனோகுளோபுலின் ஈ மிகுதியாக உண்டாகும் பிரௌன் நார்வே என்னும் எலியினம் விரும்பப்படுகிறது.

இங்கிலாந்தில் கிம்பர், டியர்மன் இருவரும் சுண்டெலிகளின் தோலில் இருவகைப் பொருள்களை இட்டுப் பார்த்தனர். டிரைமெலிட்டிக் அன்ஹைட்ரைடு இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் ஈயின் அளவை உயர்த்திற்று. தோல் அழற்சியை மட்டும் தரும் டைநைட்ரோகுளோரோபென்சீன் அவ்வாறு உயர்த்தவில்லை. நுரையீரலைத் தாக்கும் பொருளையும் தோலை மட்டும் தாக்கும் பொருளையும் பிரித்தறிய இஃது ஒரு வழியாகும் என்று கருதப்பட்டது. எனினும் இன்றுவரை, ஒரு புதிய இரசாயனப் பொருள் ஆஸ்துமாவை உண்டாக்குமா என்று முன்கூட்டியே சொல்வதற்கு உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட விலங்குச் சோதனை எதுவும் இல்லை. தோல் ஒவ்வாமைக்கு அத்தகைய சோதனைகள் உண்டு.

2005-இல் மாதிசன், ஜான்சன், லஸ்டர் ஆகியோர் சுண்டெலிகளில் டொலுயீன் டை-ஐசோசயனேட்டை ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு 4 மணி நேரம், வாரத்தில் 5 நாட்கள், 6 வாரங்கள் அவை சுவாசித்தது பத்து இலட்சத்தில் 0.02 பங்கு ஆவி மட்டுமே. பின்னர் மறுசோதனை செய்தபோது மூச்சுப்பாதையில் அழற்சி, இயோசினோஃபில் வெள்ளணுக்களின் பெருக்கம், மிகுந்த சளிச் சுரப்பு, இம்யூனோகுளோபுலின் ஈயின் உயர்வு என்று ஆஸ்துமாவின் அடையாளங்கள் பலவும் தோன்றின. 0.5 பங்கு செறிவை ஒரே முறை 2 மணி நேரம் சுவாசித்தவற்றில் விளைவு மிதமாகவே இருந்தது.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்க வேண்டும். கினிப் பன்றிக்கு 70 நாட்களில் தீங்கு செய்யாத 0.02 பங்கு, சுண்டெலிக்கு ஆறு வாரங்களில் நோய் தந்தது. முதற் பரிசோதனையை மட்டும் படித்தவர் அவ்வளவைப் பாதுகாப்பானது என்று முடிவு செய்திருப்பார். இந்த 0.02 பங்கே அமெரிக்கச் சட்டம் வேலையிடத்தில் எந்நேரத்திலும் தாண்டக்கூடாதென வகுத்த உச்ச அளவு என்பதை நினைத்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். அந்நாட்டின் தொழில் நலவியலாளர் அமைப்பு 2016-இல் தன் பரிந்துரையை எட்டு மணி நேரச் சராசரியாக 0.001 பங்குக்குக் குறைத்தது. விலங்குப் பரிசோதனையின் ‘இல்லை’ என்னும் விடை, அவ்வினத்திற்கு, அம்முறையில், அந்நாட்களுக்குள் இல்லை என்பதற்கு மேல் எதையும் கூறுவதில்லை.

சலவைத்தூள் நொதிகள்: பயன்பட்ட ஒரு மாதிரி

விலங்கு மாதிரி நேரடியாகத் தொழிலாளிக்கு உதவியதற்குச் சலவைத்தூள் தொழில் சிறந்த எடுத்துக்காட்டு. 1960-களின் பிற்பகுதியில் கறை நீக்குவதற்காகப் பாக்டீரியாவிலிருந்து பெற்ற நொதிகளைச் சலவைத்தூளிற் சேர்க்கலாயினர். நொதித் தூசியைச் சுவாசித்த தொழிலாளர் பலருக்கு ஆஸ்துமா கண்டது. ஃபிளின்ட் என்னும் மருத்துவர் 1969-இல் பிரிட்டனிலிருந்து இதனை வெளியிட்டார். தூசியைக் கட்டுப்படுத்தியும், நொதியை மெழுகு போன்ற உறையிட்ட மணிகளாக்கியும் நோயைப் பெரிதும் குறைத்தனர். பழைய நொதிக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் 60 பங்கு, என்ற எல்லையும் ஏற்பட்டது.

புதிய நொதி ஒன்று வரும்போது என்ன செய்வது? தொழிலாளர் நோயுறும் வரை காத்திருக்க இயலாது. ஆகவே பழைய நொதியையும் புதிய நொதியையும் கினிப் பன்றிகளின் மூச்சுக்குழலிற் செலுத்தி, எது எவ்வளவு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறதென ஒப்பிட்டனர். புதியது மிக்க வலிமையுடையதாயின் அதன் எல்லையை அவ்விகிதத்தில் தாழ்த்தினர். இங்கு விலங்கிடம் கேட்கப்பட்ட வினா சிறியது: இரண்டில் எது வலியது? மனித அனுபவம் ஏற்கெனவே உள்ள ஒரு பொருள் அளவுகோலாக இருந்தது. இம்முறை வெற்றி பெற்றதன் இரகசியம் அதுவே.

பிளாட்டினத் தொழிலில் வேறொரு வகையான பயன் கிட்டிற்று. 1986-இல் குரங்குகளை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், பிளாட்டின உப்பை ஓசோன் வாயுவோடு சேர்த்துச் சுவாசித்தவை தனியே சுவாசித்தவற்றைவிட மிகுதியாக ஒவ்வாமை கொண்டன. மூச்சுப்பாதையின் உட்சவ்வை எரிச்சலூட்டும் பொருள் ஒவ்வாப்பொருளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது எனலாம். பிளாட்டினம் பிரிக்கும் ஆலைகளில் புகைபிடிப்போர் மற்றவரினும் மிகுதியாக ஒவ்வாமை கொள்வதும் இக்கருத்தோடு பொருந்துகிறது.

மாதிரிகளின் குறைபாடுகள்

ஆய்வுக்கூட விலங்கு எதுவும் தானாக ஆஸ்துமா நோயாளியாகப் பிறப்பதில்லை. இயற்கையில் பூனைக்கும், தூசி படிந்த வைக்கோலிடையே இலாயத்தில் அடைபட்ட குதிரைக்கும் இழைப்பை ஒத்த நோய் உண்டு. ஆனால் இவை பெருந்தொகையில் ஆராய ஏற்றவையல்ல. சுண்டெலியின் மூச்சுக்குழலில் தசை சொற்பம், கிளைகளும் குறைவு. மூக்கின் வழியே மட்டும் சுவாசிப்பதால் ஆவியின் பெரும்பகுதி மூக்கிலேயே தங்கிவிடும். மனிதரோ கடும் உழைப்பின்போது வாயாலும் சுவாசிக்கிறார்.

அளக்கும் முறையிலும் இடர் உண்டு. எரிச்சலூட்டும் ஆவி பட்டதுமே சுண்டெலியின் மூச்சு வேகம் குறையும். இதற்கு ஒவ்வாமை வேண்டுவதில்லை. மறுசோதனையின் அளவு எரிச்சலூட்டும் அளவுக்குக் கீழே இருந்தாலன்றி, எது எரிச்சல், எது ஒவ்வாமை என்று பிரிக்கவியலாது. அறைக்குள் சுதந்திரமாக உலவும் சுண்டெலியின் அழுத்த அலைகளிலிருந்து ஓர் எண்ணைக் கணித்து அதனையே மூச்சுத்தடை என்று கூறும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அவ்வெண் மூச்சுவிடும் தாளத்தையே பெரிதும் காட்டுவது, குழலின் தடையையன்று என்று மூச்சியல் அறிஞர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே.

வேறொரு பொருந்தாமை இன்னும் ஆழமானது. டொலுயீன் டை-ஐசோசயனேட்டால் ஆஸ்துமா உற்றோரில் சிறுபான்மையோரின் இரத்தத்திலேயே அப்பொருளுக்குரிய இம்யூனோகுளோபுலின் ஈ காணப்படுகிறது. கனடாவின் மேற்குக் கரையில் செந்தேவதாரு மரம் அறுப்போருக்கு, அம்மரத்திலுள்ள பிளிக்காட்டிக் அமிலத்தால் வரும் ஆஸ்துமாவிலும் நிலைமை அவ்வாறே. எதிர்ப்பொருளை மட்டும் அளந்து நிற்கும் பரிசோதனை, நோயின் ஒரு பகுதியையே காண்கிறது. எனவே வெள்ளணுக்களின் பங்கை ஆராய்வது இப்போது முன்னிற்கிறது.

விலங்குகளின் துன்பமும் கணக்கில் வர வேண்டியதே. ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகள், அதாவது இயன்றவிடத்து விலங்கைத் தவிர்த்தல், தொகையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் ஆகியவை, எங்கும் ஏற்கப்பட்டுள்ளன. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இத்தகைய பரிசோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி செய்தது. பள்ளிக்கூடத்தில் இவற்றைச் செய்து காட்ட முற்படலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

களத்தில் பயன்படும் விதம்

ஆமதாபாதில் 1966-இல் தோன்றிய தொழில் நல ஆராய்ச்சி நிலையம் பஞ்சாலைத் தொழிலாளரின் மூச்சுநோயைப் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோயில் விடுமுறைக்குப் பின் வரும் முதல் நாளே மார்பிறுக்கம் மிகுந்து, வாரப்போக்கில் தணிவது வழக்கம். ஆஸ்துமாவில் பெரும்பாலும் வாரம் முதிர முதிர இழைப்பு வளரும். களப்பணியாளர் நோயாளியிடம் கேட்கத்தக்க முதல் வினா, ஆகவே, எந்தக் கிழமையில் தொல்லை மிகுதி என்பதாகும்.

அடுத்தது அளவை. ஊதுவேகத்தைக் காட்டும் எளிய குழாய்க் கருவியைத் தொழிலாளியிடம் கொடுத்து, நாளொன்றுக்கு நான்கு முறையேனும், வேலை நாட்களிலும் விடுமுறை நாட்களிலுமாகச் சில வாரங்கள் எண்ணைக் குறித்துவரச் செய்யலாம். மாலையிலும் இரவிலும் எடுக்கும் அளவுகளை விட்டுவிடலாகாது. ஐசோசயனேட்டின் விளைவு பல மணி நேரம் கழித்தும் தோன்றும். வேலையில் சேர்ந்த நாளும் முதல் இருமல் கண்ட நாளும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். இடைப்பட்ட காலமே, கினிப் பன்றி அறையில் விடப்பட்ட அந்த மூன்று வார ஓய்வுக்கு மனிதரில் ஒப்பானது. மனிதரில் அது மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் நீளும்.

பட்டறையைப் பார்வையிடும்போது காற்றை அளக்கும் கருவியோடு நின்றுவிடாமல், கலவை கையாள்வோரின் கைகளையும் முன்னங்கைகளையும் பார்க்க வேண்டும். கையுறை உள்ளதா, அது கிழிந்ததா, சிந்திய திரவத்தை எதனால் துடைக்கின்றனர், துடைத்த துணி எங்கே போகிறது என்பவை குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவை. கருவி காட்டும் அளவு சட்ட எல்லைக்கு உட்பட்டிருப்பினும், ஏற்கெனவே ஒவ்வாமை கொண்ட தொழிலாளிக்கு அவ்வளவு பாதுகாப்பாகாது. நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் அப்பொருளிலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டவர் குணமடையும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுக்கணக்கில் அதே வேலையில் தொடர்ந்தவருக்கு, வேலையை விட்ட பின்னும் இழைப்பு நீடிப்பது பெரும்பான்மை. எனவே ஐயம் எழுந்த வாரத்திலேயே ஆலை மருத்துவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஊதுவேகக் குறிப்பின் நகலையும் உடன் அனுப்புதல் வேண்டும்.